தேவிபட்டினத்திலிருந்து டொராண்டோ எத்தனை மணி நேரம்?

கீழக்கரையில் முப்பத்தொரு வருடம் விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். 1988-ல் கடை திறந்தபோது டிக்கெட்டைக் கையால் எழுதுவோம். கார்பன் சிவப்பு விரலில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகாது. வளைகுடா போகிறவர்கள் பெரும்பாலும் பம்பாய் போய்த்தான் விமானம் ஏறுவார்கள். 2008 ஜூன் 1-லிருந்து காகித டிக்கெட் வழக்கொழிந்து, எல்லாம் கம்ப்யூட்டரில் வர ஆரம்பித்தது. 2019-ல் கடையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். ஆனால் கடை வாசலில் அன்றைக்குக் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்குக் கடிதத்திலும் கேட்கிறார்கள்: எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்ததால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

*

கேள்வி: பாய், எனக்கு வயது 61. விமானத்தில் ஏறியதே இல்லை. டிசம்பரில் மகளின் பேறுகாலத்துக்காக டொராண்டோ போகிறேன். சென்னையிலிருந்து 13,400 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும், பதினைந்து மணி நேரத்தில் போய்விடலாம் என்று மகன் சொன்னான். டிக்கெட்டில் போவதற்கு 25 மணி நேரம், மே மாதம் திரும்பி வருவதற்கு 21 மணி நேரம் என்று இருக்கிறது. துபாயில் விமானம் மாறணுமாம். யார் கணக்கு சரி?
— ஒரு தாய், தேவிபட்டினம்

பதில்: அம்மா, உங்கள் மகன் வகுத்ததில் தப்பில்லை. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேர்த் தூரம் 13,400 கிலோமீட்டருக்குப் பக்கம்தான். ஆனால் அந்தத் தூரத்தை ஒரே மூச்சில் தாண்டும் விமானம் சென்னையிலிருந்து கிடையாது. நீங்கள் அனுப்பிய டிக்கெட் நகலைப் பார்த்தேன். அதைப் பிரித்துச் சொல்கிறேன்.

சென்னை–துபாய் 2,930 கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம். துபாயில் காத்திருப்பு ஆறே முக்கால் மணி நேரம். துபாய்–டொராண்டோ 11,080 கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். கூட்டினால் 25. துபாய் வழியாகப் போவதால் தூரம் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள்: மொத்தம் 14,000 கிலோமீட்டர், நேர்த் தூரத்தைவிட அறுநூறுதான் அதிகம். பறக்கும் கணக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுற்றிப் போவதால் நேரம் கூடுகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். நேரத்தைத் தின்பது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆறே முக்கால் மணி நேரம்.

திரும்பும்போது டொராண்டோ–துபாய் பன்னிரண்டரை மணி, காத்திருப்பு நாலு மணி நாற்பது நிமிடம், துபாய்–சென்னை மூணு மணி ஐம்பது நிமிடம். அது 21. போவதற்கும் வருவதற்கும் உள்ள நாலு மணி நேர வித்தியாசத்தில் கிட்டத்தட்ட பாதி காற்றால் வந்தது, மீதி காத்திருப்பு குறைந்ததால் வந்தது. காற்றைப் பற்றிக் கீழே ஒரு மாணவருக்கு எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

ஆனால் நீங்கள் சென்னை விமான நிலையத்தில் குடியிருக்கவில்லையே அம்மா. தேவிபட்டினத்தில் இருக்கிறீர்கள். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டைப் பூட்டி, ராமநாதபுரம் வந்து, இரவு ரயிலில் ஏறி, திங்கள் காலை சென்னையில் இறங்குவீர்கள். பகல் முழுவதும் உறவினர் வீடு. விமானம் செவ்வாய் அதிகாலை நாலு மணிக்கு. மூணு மணி நேரம் முன்னாலேயே, அதாவது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு, விமான நிலையத்தில் இருக்க வேண்டும். டொராண்டோவில் இறங்கும்போது அங்கே செவ்வாய் மாலை ஆறரை. நம் ஊரில் அப்போது புதன் விடியற்காலை ஐந்து. குளிர்காலத்தில் அவர்கள் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். மே மாதம் நீங்கள் திரும்பும்போது அது ஒன்பதரையாகக் குறைந்திருக்கும், ஏனென்றால் மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். குடியுரிமைச் சோதனை, பெட்டி, வரிசை எல்லாம் முடிந்து, மகள் வீட்டு வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றும்போது நம் ஊர் மணி காலை எட்டு.

ஞாயிறு மாலை ஆறிலிருந்து புதன் காலை எட்டு வரை 62 மணி நேரம். மகன் சொன்னது 15, டிக்கெட் சொன்னது 25, உங்கள் முதுகும் முழங்காலும் சுமக்கப்போவது 62. என் கடைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் கடைசி எண்ணைத்தான் முதலில் சொல்வேன். பயமுறுத்துவதற்கு இல்லை. 15 என்று நினைத்துக் கிளம்பியவர்கள் துபாயிலேயே சோர்ந்துபோய், இனி முடியாது என்று அழுததைப் போனில் கேட்டிருக்கிறேன். 62 என்று தெரிந்து போனவர்கள் நிதானமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

திங்கள் காலையில் கார் பிடித்துச் சென்னைக்குப் போய் அப்படியே விமானம் ஏறினால் அந்த 62-ல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மிச்சமாகும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஐந்நூற்றைம்பது கிலோமீட்டர் உட்கார்ந்து போன கால் அடுத்து பதினாலு மணி நேரம் மடங்கி உட்கார வேண்டும். உறவினர் வீட்டில் அந்த ஒரு பகல் தூங்குங்கள்.

மாத்திரை எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுப்பதாக இருந்தால், நான் மேலே எழுதிய நேரங்களை ஒரு தாளில் நம் ஊர் மணியிலேயே எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று அவரே பக்கத்தில் குறித்துத் தருவார். மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். கையில் கட்டும் சாதாரணக் கடிகாரம் ஒன்றை நம் ஊர் மணியிலேயே வைத்திருங்கள், மகள் வீடு போகும்வரை மாற்றவேண்டாம். வீல்சேர் வேண்டும் என்று இப்போதே விமானக் கம்பெனியிடம் பதிந்துவிடுங்கள். நடக்க முடிகிறவர்கள் கேட்கத் தயங்குகிறார்கள். துபாயில் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போவது தேவிபட்டினம் பஸ் நிலையத்திலிருந்து நவபாஷாணக் கோயிலுக்கு நடப்பதைவிட அதிகமாக இருக்கும். அதைவிட முக்கியம், வீல்சேர் தள்ளுகிறவர் உங்களைச் சரியான வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார். விமானத்தில் மணிக்கு ஒருதரம் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். பிரசவ லேகியம், கருவாடு, பொடி எது கொண்டுபோனாலும் டொராண்டோவில் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் ஒரு பொருளை எடுத்து வைத்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் தொந்தரவு. ஸ்வெட்டரும் காலுறையும் கைப்பையில் இருக்கட்டும். டிசம்பர் இரவில் அங்கே தண்ணீர் உறையும் குளிர்.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் சென்னையில் காலை 4 மணிக்கு ஏறி 6.45-க்குத் துபாயில் இறங்குவதாக டிக்கெட். இரண்டே முக்கால் மணி நேரத்தில் எப்படி? வேகமான விமானமா?
— ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: இல்லைம்மா. டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறுகிற ஊர் மணி, இறங்கும் நேரம் இறங்குகிற ஊர் மணி. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அதைக் கூட்டினால் நாலேகால். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் கோலாலம்பூர் டிக்கெட்டில் இதே கணக்கு தலைகீழாக வரும். நம் கரைக்கு மேற்கே துபாயும் கிழக்கே கோலாலம்பூரும் கிட்டத்தட்ட சம தூரம். மதுரையிலிருந்து துபாய் 2,950 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து கோலாலம்பூர் 2,690. இரண்டுமே நாலு மணி நேரச் சபர்தான். ஆனால் மலேசியா போகிறவர் டிக்கெட்டைப் பார்த்து ஆறரை மணி நேரமா என்று மலைப்பார், துபாய் போகிறவர் உங்களைப் போல ஆச்சரியப்படுவார்.

*

கேள்வி: சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் டொராண்டோ நமக்கு மேற்கே, ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக் கடலையும் தாண்டி இருக்கிறது. ஆனால் கனடா விமானங்கள் வடக்கே ஏறி, பனிப் பிரதேசத்தைச் சுற்றிப் போவதாகச் சொல்கிறார்களே. ஏன் இந்தச் சுற்று?
— ஓர் ஆசிரியர், மண்டபம்

பதில்: சார், சுற்றுவது விமானம் இல்லை, உங்கள் சுவர்ப் படம்தான். என் வாப்பா கப்பலில் சுக்கானியாக இருந்தவர். சின்ன வயதில் இதே சந்தேகத்தை அவரிடம் கேட்டேன். முற்றத்தில் கிடந்த வலை மிதவையை எடுத்தார், பந்து மாதிரி உருண்டையானது. உம்மாவின் தையல் நூலை ஒரு முழம் கிழித்து, மிதவையில் இரண்டு புள்ளி வைத்து, நூலை இழுத்துப் பிடித்தார். "நூல் எங்கே படுத்திருக்கோ அதுதான் வழி. கடலும் உருண்டை, ஆகாயமும் உருண்டை" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. இன்றுவரை எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

உங்கள் பள்ளியில் கோள உருண்டை இருந்தால் பிள்ளைகளை வைத்துச் செய்து பாருங்கள். சென்னையில் நூலின் ஒரு நுனி, டொராண்டோவில் மறு நுனி. நூல் கிட்டத்தட்ட வடக்கே பார்த்துத்தான் கிளம்பும். ராஜஸ்தான், பாகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலை, நார்வேக்கு வடக்கே பனிக்கடல், கிரீன்லாந்து, கனடாவின் கியூபெக், பிறகு டொராண்டோ. சென்னை ஏறக்குறைய 80 பாகை கிழக்கு, டொராண்டோ ஏறக்குறைய 80 பாகை மேற்கு. பூமியின் இரு பக்கமும் எதிரெதிரே இருக்கும் ஊர்களுக்குத் தலை வழியாகப் போவதுதான் குறுக்கு வழி. டெல்லி அந்த நூலுக்கு அருகிலேயே இருப்பதால் சென்னை–டெல்லி–டொராண்டோ என்று கூட்டினாலும் நேர்த் தூரத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கூடும். சுவர்ப் படம் உருண்டையைக் கிழித்துத் தட்டையாக்கியது. அதனால் வடக்கே போகப்போக நிலம் உப்பித் தெரியும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது அல்லவா? நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைப்போல் பதினாலு மடங்கு.

வாப்பா இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். பூமியின் நடுவிலிருந்து அளந்தால் ஒரு பாகை என்பது அறுபது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் பாகைக்கு 111 கிலோமீட்டர். பூமியை ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய நாற்பதாயிரம். அப்படியானால் உலகத்தில் எந்த இரண்டு ஊரானாலும் அவற்றுக்கு இடையே இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கவே முடியாது. அந்த இருபதாயிரத்தில் 15,300-ஐச் சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் நடுவில் இறங்காமலே கடந்துவிடுகிறது, பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து.

ஆனால் நூல் போகிற வழியெல்லாம் விமானம் போக முடியாது. கீழே இருக்கிற நாடு அனுமதிக்க வேண்டும். 2022-ல் ரஷ்யா தன் வான்வெளியைக் கனடாவுக்கும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே கிளம்பும் நம் விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்றவேண்டி வந்து, சில பயணங்களில் எண்ணெய் போடவும் நடுவில் இறங்க வேண்டியதாயிற்று. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன, பயண நேரம் ஒரே நாளில் கூடிவிட்டது. இது பிள்ளைகளுக்குப் புவியியல் பாடத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

*

கேள்வி: பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது. அப்போது மேற்கே போகும் விமானத்தை நோக்கி அந்த ஊரே வருமே! மேற்குப் பயணம்தானே சீக்கிரம் முடிய வேண்டும்? ஆனால் அதுதான் நேரம் எடுக்கிறது.
— பத்தாம் வகுப்பு மாணவர், ராமநாதபுரம்

பதில்: தம்பி, நல்ல கேள்வி. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போயிருக்கிறாயா? அடுத்த முறை போகும்போது கையிலிருக்கும் எலுமிச்சம்பழத்தை மேலே போட்டுப் பிடி. உன் கைக்கே திரும்பி வரும், பின் பெட்டிக்குப் போகாது. பழமும் நீயும் பெட்டியிலிருக்கும் காற்றும் ரயிலோடு சேர்ந்துதான் ஓடுகிறீர்கள். பூமியும் அப்படித்தான். நடுக்கோட்டில் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு. தரையில் நிற்கும் விமானத்துக்கு அந்த வேகம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் ஊர் எதிரே வராது.

வித்தியாசம் வருவது காற்றால். உன் தாத்தா பாய்மர வல்லத்தில் போனவராக இருந்தால் அவரிடம் கேள். கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடிக்கும்போது கிழக்கே பாய் விரித்தால் எவ்வளவு நேரம், அதே காற்றை எதிர்த்து மேற்கே திரும்பினால் எவ்வளவு நேரம் என்று சொல்வார். விமானம் பறக்கும் உயரத்திலும் ஒரு கச்சான் உண்டு. தரையிலிருந்து ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் மேலே, நமக்கு வடக்கே இருக்கும் நாடுகளுக்கு மேல், மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடுகிறது. ஜெட் காற்று என்பார்கள். மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் அதற்குச் சாதாரணம், குளிர்காலத்தில் முந்நூறையும் தாண்டும். டொராண்டோவிலிருந்து துபாய் வருகிறவர் அந்த ஆற்றோடு வருகிறார், போகிறவர் எதிர்த்துப் போகிறார். ஒன்றரை மணி நேர வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது. விமானிகள் நேர்கோட்டை விட்டு விலகிப்போய்க்கூடக் கிழக்கே வரும்போது இந்தக் காற்றைப் பிடிப்பார்கள். மேற்கே போகும்போது ஒதுங்கிப் போவார்கள். நம் மீனவர்கள் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், பார்த்து வலை விடுவதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

நம் தென்னிந்தியாவுக்கு மேல் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் உயரத்தில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே பலமாக ஓடும். கீழே கச்சான், மேலே அதற்கு நேர் எதிர். ஒரே நாளில், ஒரே ஊருக்கு மேலே! இதைத் தெரிந்துகொண்ட வருடம் கடை மொட்டை மாடியில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

*

கேள்வி: மதுரை–சென்னை வான்வழித் தூரம் 420 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒரு மணி இருபது நிமிடம். வகுத்தால் மணிக்கு 315 கிலோமீட்டர்தான் வருகிறது. 900 என்பது பொய்யா?
— ஒரு வாசகர், தொண்டி

பதில்: பொய் இல்லை. அந்த வேகம் உச்சியில் இருக்கும்போது மட்டும். டிக்கெட் நேரம் என்பது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நின்று ஓயும் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதியே இருக்கிறது. தொண்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கரையில் தண்ணீர் கம்மி, கழி ஊன்றித் தள்ளித்தான் ஆழத்துக்குப் போகணும், அப்புறம்தான் பாய். மதுரை–சென்னை விமானம் ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பித்துவிடுகிறது. தூரம் கூடக்கூட இந்த ஏற்ற இறக்கத்தின் பங்கு குறையும். சென்னை–துபாய் சராசரி 690 வரும், துபாய்–டொராண்டோ 790 வரும்.

*

கேள்வி: லண்டன் போக, மதுரை–துபாய் ஒரு கம்பெனியிலும் துபாய்–லண்டன் வேறு கம்பெனியிலும் தனித்தனியாக எடுத்தால் நல்ல லாபம். நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. போதுமா?
— ஓர் இளைஞர், ஏர்வாடி

பதில்: போதாது. இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன்.

ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. பெட்டியும் நேரே லண்டன் போகும். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் கம்பெனிக்கு நீங்கள் துபாய் வரை மட்டுமே பயணி. பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டும், பிறகு மறுபடி வரிசையில் நின்று பெட்டி போட வேண்டும். மதுரையில் ஒரு மணி நேரம் தாமதமானால் லண்டன் டிக்கெட் செத்த காகிதம்.

1996-ல் நடந்ததைச் சொல்கிறேன். நம் கரையில் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாயை லண்டனிலிருக்கும் மகனிடம் அனுப்பினேன். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் மாற வேண்டும். நடுவில் ஐம்பத்தைந்து நிமிடம். கால அட்டவணைப்படி அது செல்லும், மொத்த நேரமும் குறைவாக வந்தது, மகன் சந்தோஷப்பட்டார், நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதம். அந்தம்மா இறங்கி, எங்கே போவது என்று தெரியாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். பதினாலு மணி நேரம். எழுந்தால் இடம் போய்விடும், வழி தவறிவிடும் என்று கழிவறைக்குப் போகவில்லை. போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. துப்புரவு வேலையிலிருந்த ஒரு மலையாளிப் பெண் பார்த்துப் பேசி, கவுண்டருக்குக் கூட்டிப்போய் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார். ஊர் திரும்பியபோது அந்தம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. லண்டனிலிருந்து எனக்கு ஒரு பேனா வாங்கி வந்திருந்தார். அதை நான் எழுத எடுத்ததே இல்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். அறுபது தாண்டியவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த மாற்றம் போடுவதில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனாலும் போகட்டும் என்று விட்டிருக்கிறேன். தேவிபட்டினத்து அம்மாவின் டிக்கெட்டில் ஆறே முக்கால் மணி நேரக் காத்திருப்பைப் பார்த்து நான் நிம்மதியடைந்ததும் அதனால்தான். தம்பி, நீங்கள் இளைஞர், ஓடிப் பிடித்துவிடலாம் என்று நினைப்பீர்கள். லாபம் என்று நீங்கள் சொல்லும் பணத்தைப்போல் இரண்டு மடங்கு, கடைசி நேரத்தில் புது டிக்கெட் எடுக்கப் போய்விடும். ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

*

கேள்வி: பாய், எனக்கு 70 ஆகிறது. என் அக்காளை 1962-ல் மன்னார் தீவில் பேசாலையில் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது தனுஷ்கோடியில் கப்பல் ஏறிப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வீட்டில் இருந்திருக்கிறோம். இப்போது அவளுக்கு உடம்பு முடியவில்லை. எவ்வளவு சீக்கிரம் போகலாம்?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

பாஸ்போர்ட் இல்லையென்றால் இன்றைக்கே தட்கலில் போடுங்கள். இருந்தால், இலங்கைக்கு இணையத்தில் எடுக்கும் பயண அனுமதியைப் பேரப்பிள்ளைகளை எடுக்கச் சொல்லுங்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். தங்கச்சிமடத்திலிருந்து மதுரை விமான நிலையம் கிட்டத்தட்ட 165 கிலோமீட்டர், நாலு மணி நேரம் வையுங்கள். வழியில் உச்சிப்புளியில் ஒரு விமானதளத்தைத் தாண்டிப் போவீர்கள். அது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து, பயணிகளுக்கு இல்லை. மதுரையில் மூன்று மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும். மதுரை–கொழும்பு 355 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். விமான நிலையம் கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்காவில் இருக்கிறது, அதனால் கொழும்பு நகரத்துக்குள் போகவே வேண்டாம். அங்கிருந்து அப்படியே வடக்கே புத்தளம், அனுராதபுரம் வழியாக மன்னாருக்கு ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், ஆறு மணி நேரம். அக்கா பிள்ளைகளை வண்டியோடு கட்டுநாயக்காவுக்கு வரச் சொல்லிவிடுங்கள். கட்டுநாயக்காவில் இறங்கி வெளியே வரும் நேரமும் சேர்த்து பதினைந்து மணி நேரம். காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் அன்று மாலை ஆறு மணிக்குப் பேசாலை. விமான நேரம் தள்ளி இருந்தால் அதற்கேற்ப மாறும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள், நாலு மணி நேரம். 2023 அக்டோபரில் தொடங்கியது, நடுவில் நின்று மறுபடி ஓடுகிறது. கடல் சீராக இல்லையென்றால் ரத்தாகும். உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போகும்போது அதை நம்ப வேண்டாம், விமானமே எடுங்கள்.

தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நீங்கள் போகப்போவது எண்ணூறைத் தாண்டும். டொராண்டோ போகிற அம்மாவுக்குச் சுற்றுவழியால் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் தூரம் கூடவில்லை. உங்கள் பயணமோ அந்த முப்பதைப்போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல். முப்பத்தொரு வருடம் நான் போட்ட டிக்கெட்டுகளில் இதைப்போல் நீண்ட பயணம் வேறு இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போகலாம். போட் மெயில் என்ற பெயரே அப்படி வந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, எண்பதுகளின் தொடக்கத்தில் கலவரத்தோடு அதுவும் நின்றது. போரில் சிதைந்த தலைமன்னார் ரயில் பாதையை நம் நாட்டு உதவியோடு மறுபடி போட்டு 2015 மார்ச்சில் ரயில் விட்டார்கள். இந்தப் பக்கம் ராமேஸ்வரம் வரை தண்டவாளம் வருகிறது, அந்தப் பக்கம் தலைமன்னார் வரை வருகிறது. நடுவில் அந்தக் கடல் மட்டும் யாரும் டிக்கெட் கொடுக்காமல் கிடக்கிறது. அங்கே மறுபடி கப்பல் விட வேண்டும் என்று நான் எழுதாத மனு இல்லை, இன்னும் எழுதுவேன்.

டிக்கெட் எடுப்பதில் சிரமம் இருந்தால் இந்த இதழின் முகவரிக்கு ஒரு வரி போடுங்கள், தம்பி மகனை வீட்டுக்கே அனுப்புகிறேன். கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை அக்கா. பேசாலையிலும் நம் மணிதான்.